ஷாஹர்நுஷ் பார்சிபூர் புக் ரெண்டு படிச்சாச்சு: எதை வாங்கலாம், எதை மொதல்ல படிக்கலாம்

ஈரான் பெண் எழுத்தாளர்னு சொன்னா நம்மள்ல பாதி பேருக்கு மர்ஜான் சத்ராபியோட கருப்பு வெள்ளை படக்கதைதான் ஞாபகம் வரும், அது தமிழ்லயே வந்துடுச்சு, நல்லாவும் இருக்கும், அதுல எனக்கு சண்டை ஒண்ணும் இல்ல. ஆனா அதுக்கு அப்புறம் யாரைப் படிக்கிறதுன்னு கேட்டா நான் ஷாஹர்நுஷ் பார்சிபூரைத்தான் சொல்லுவேன். 1946ல டெஹ்ரான்ல பிறந்தவங்க, ராஜா ஷா காலத்துலயும் ஜெயில், 1979 புரட்சிக்கு அப்புறம் ஆட்சிக்கு வந்த கொமெய்னி காலத்துலயும் ஜெயில், 1994லேர்ந்து அமெரிக்காவுல இருக்காங்க. பாருங்க, நானே ஜெயில்லேர்ந்துதான் ஆரம்பிக்கிறேன். இவங்களைப் பத்தி யார் பேசினாலும் இப்படித்தான் ஆகுது, புக்கை விக்கிறவங்களும் தடை, சிறை, நாடு கடந்த வாழ்க்கைன்னு அதையே முன்னாடி வச்சு விக்கிறாங்க, வாங்கறவன் முகத்தை சோகமா வச்சிக்கிட்டுதான் முதல் பக்கத்தையே திறக்கிறான். இவங்க எழுத்துல இருக்கிற நக்கல் அவனுக்கு எப்படி கண்ல படும்? செம நக்கல் பிடிச்ச ஆளு இவங்க, அதைச் சொல்லத்தான் இந்த ரிவ்யூ.

நான் படிச்சது ரெண்டு புக். ஒண்ணு 'விமன் வித்தவுட் மென்', நாவல், ஃபரிதூன் ஃபரோக் இங்கிலீஷ்ல மொழிபெயர்த்தது. இன்னொண்ணு 'கிஸ்ஸிங் தி ஸ்வோர்ட்', ஜெயில் நினைவுகள், சாரா கலிலி மொழிபெயர்த்தது, 2013ல வந்தது. ரெண்டுமே நியூயார்க்ல இருக்கிற ஃபெமினிஸ்ட் பிரஸ் போட்டது. நாவல் ரொம்ப ஒல்லி, ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பிட்டு உக்காந்தா விளக்கு வைக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும். எழுத்து சைஸ் கண்ணுக்கு உறுத்தல. எனக்கு வந்த காப்பியோட ஒரு மூலை நசுங்கித்தான் வந்துச்சு, அது ஆன்லைன்ல வித்த ஆளோட பேக்கிங் லட்சணம், புக் மேல தப்பு இல்ல. விலை நம்ம ஊர்க்கு ஜாஸ்திதான், இறக்குமதி புக், இத்தனூண்டு புக்குக்கு இவ்ளோவான்னு வீட்ல கேப்பாங்க, ரெடியா இருங்க.

நாவல் கதை என்னன்னா அஞ்சு பொம்பளைங்க. தனித்தனியா அத்தியாயம், ஒவ்வொருத்தி பேர்லயும் ஒண்ணு ரெண்டு. வருஷம் 1953, ஆகஸ்ட் மாசம், டெஹ்ரான். எண்ணெய் கம்பெனியை நாட்டுடமை ஆக்கின பிரதமர் மொசாதேக்கை சிஐஏவும் பிரிட்டிஷ் உளவுத்துறையும் சேர்ந்து கவுத்த அதே மாசம். தெருவுல கூட்டம் கத்துது, அடிதடி நடக்குது, ஆனா பார்சிபூர் கேமராவை அங்க கொண்டு போகவே மாட்டாங்க. வீட்டுக்குள்ள, சமையக்கட்டுல, மொட்டை மாடில என்ன நடக்குதோ அதுதான் கதை. சத்தம் மட்டும் வெளிலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்கும். நாடே புரண்டு விழற நாள்லயும் ஒரு வீட்ல பிரச்சனை என்னன்னா பொண்ணு ஏன் சொல்லாம வெளிய போனாங்கிறதுதான்.

மஹ்தோக்த்னு ஒருத்தி, ஸ்கூல் டீச்சர். ஹெட்மாஸ்டர் சினிமாக்கு கூப்பிட்டார்னு வேலையை விட்டவ. அண்ணன் தோட்டத்துல உக்காந்து அனாதைப் பிள்ளைங்களுக்கு ஸ்வெட்டர் பின்னறதைப் பத்தி யோசிக்கிறா, ரெண்டு கை பத்தாது, ஆயிரம் கை இருந்தா எவ்ளோ பின்னலாம்னு கணக்கு போடறா. அப்புறம் அந்த வீட்டு வேலைக்கார சின்னப் பொண்ணும் தோட்டக்காரனும் கண்ணாடிக் கூடத்துல ஒண்ணா இருக்கிறதை பாத்துடறா, உடம்பே கூசிப் போயிடுது அவளுக்கு, கடைசில ஒரு முடிவுக்கு வரா: நான் மரமா ஆயிடறேன். சும்மா பேச்சுக்கு இல்ல, நிஜமாவே போய் மண்ணுல தன்னை நட்டுக்கிறா. பார்சிபூர் இதை எப்படி எழுதறாங்கன்னா, பால் தீந்து போச்சு போய் வாங்கிட்டு வரேன்னு சொல்ற தொனில எழுதறாங்க. வர்ணனை இல்ல, ஆச்சரியக்குறி இல்ல. எனக்கு இந்த இடத்துல சிரிப்பு வந்துச்சு, அடுத்த பக்கத்துல ஏன் சிரிச்சோம்னு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

முனிஸ் இன்னும் மேல. முப்பத்தெட்டு வயசு, கல்யாணம் ஆகல. கன்னித்தன்மைங்கிறது ஒரு திரை, கிழிஞ்சா போச்சுன்னு சின்ன வயசுல சொல்லி வளத்ததால மரம் கூட ஏறாம வாழ்ந்தவ. தோழி ஃபயிஸே ஒருநாள் வந்து பேச்சுவாக்குல அது திரை எல்லாம் இல்லடின்னு விளக்கம் சொல்றா. முனிஸ்க்கு தலை சுத்துது. அத்தனை வருஷம் மரத்தை ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே இருந்தது வீணா போச்சேன்னு! அந்த கோவம்தான் அவளை மாடிலேர்ந்து கீழ தள்ளுது. சாகறா, எந்திரிக்கிறா, தெருவுல சுத்தறா, புக் வாங்கிப் படிக்கிறா, ஒரு மாசம் கழிச்சு வீட்டுக்கு வந்தா அண்ணன் அமீர் மானம் போச்சுன்னு கத்தியால குத்திடறான். ஃபயிஸே வந்து பாக்கறா. அவளுக்கு அமீரை கட்டிக்கணும்னு ஆசை, அதனால பிணத்தை தோட்டத்துல புதைக்க ஒத்தாசை பண்றா, பயப்படாதீங்க நான் பாத்துக்கறேன்னு அவனுக்கு தைரியம் வேற சொல்றா. தோழிதான் இவ! அவன் அப்புறம் என்ன பண்றான், வேற ஒரு சின்ன பொண்ணா பாத்து கட்டிக்கறான். முனிஸ் மறுபடி மண்ணுலேர்ந்து எந்திரிச்சு வரா, இப்ப மத்தவங்க மனசுல நினைக்கிறது அவளுக்கு தெரியும். ஃபயிஸே மனசுல என்ன இருந்துச்சுன்னும் தெரியும். இத்தனையும் சில பக்கத்துல முடிஞ்சிடுது. வேற ஆளு கையில கிடைச்சிருந்தா இதையே ஐநூறு பக்கம் அழுதிருப்பாங்க.

அப்புறம் ஃபரோக்லகா, பணக்கார வீட்டம்மா, ஐம்பத்தொரு வயசு. புருஷன் ரிடையர் ஆகி வீட்லயே உக்காந்துட்டான், அவளைப் பாக்கறப்பல்லாம் ஒரு இளக்காரச் சிரிப்பு சிரிப்பான். ஒருநாள் அவ அவன் வயித்துல ஒரு குத்து விடறா, அவன் படிக்கட்டுல உருண்டு போய் சேந்துடறான். சர்ரீன்கோலா விபசார விடுதில இருக்கா, திடீர்னு ஒருநாள்லேர்ந்து அவளுக்கு வர்ற ஆம்பளைங்க எல்லாம் தலையில்லாம தெரிய ஆரம்பிக்கிறாங்க. யார்கிட்டயும் சொல்லவும் பயம். இந்த அஞ்சு பேரும் கடைசில டெஹ்ரானுக்கு மேற்க கராஜ்ல ஃபரோக்லகா வாங்கின தோட்டத்துல வந்து சேர்றாங்க, மஹ்தோக்த் ஏற்கனவே அங்கதான் மரமா நிக்கிறா. வழில முனிஸுக்கும் ஃபயிஸேக்கும் லாரிக்காரன் கிட்ட நடக்கிற கொடுமை ஒண்ணு இருக்கு, அதையும் அதே தொனிலதான் எழுதியிருக்காங்க, அந்த பக்கத்தை நான் ரெண்டாவது தடவை படிக்கல.

தோட்டத்துக்கு வந்துட்டாங்க, இனிமே பெண்கள் ராஜ்ஜியம், சொர்க்கம்னு நினைச்சீங்கன்னா ஏமாந்து போவீங்க. எனக்கு இந்த நாவல் மேல மரியாதை வந்ததே அந்த இடத்துலதான். ஃபரோக்லகாவுக்கு கவிஞர் ஆகணும், பெரிய மனுஷங்க வந்து போற வீடா இருக்கணும், அதனால வார்த்தைக்கு வார்த்தை எஜமானியம்மா புத்தியைக் காட்டறா, விடுதிலேர்ந்து வந்தவ சமைக்கிறா, கழுவறா. ஃபயிஸே அப்பவும் அமீர் எப்ப வருவான்னுதான் இருக்கா, கடைசில அவனுக்கே ரெண்டாந்தாரமா போறா. ஆம்பளை இல்லாத தோட்டம்னு பேரு, ஆனா தோட்டக்காரன்னு ஒருத்தன் (முன்னாடி சொன்னவன் இல்ல, வேற ஆளு) இருக்கான், புக்லயே உருப்படியான ஆளு அவன்தான், சர்ரீன்கோலா கண்ணுக்கு தலையோட தெரியற ஒரே ஆம்பளை. இதை பெண்ணிய கொள்கை அறிக்கையா படிக்க வந்தவங்க கடுப்பாகி ஒரு ஸ்டார் போடறதை பாத்திருக்கேன், பாத்திரங்கள் மேல எரிச்சலா வருதுன்னு குறை. எரிச்சல் வரட்டும்னுதாங்க எழுதியிருக்காங்க.

குறைன்னு நான் சொல்றது வேற. கடைசி பகுதி அவசரம். மரம் வெடிச்சு விதையா போறது, அந்த விடுதிப் பொண்ணு ஒரு பூவைப் பெத்தெடுக்கிறது எல்லாம் அழகா இருக்கு, ஆனா முனிஸ் ஏழு வருஷம் அலைஞ்சு திரிஞ்சு சாதாரண ஸ்கூல் டீச்சர் ஆனாங்கிறதை ரெண்டு வரில முடிச்சுட்டாங்க. எனக்கு அந்த ஏழு வருஷம் வேணும். இன்னொண்ணு, இங்கிலீஷ்ல வசனங்கள் எல்லார் வாய்லயும் ஒரே மாதிரி வருது, எஜமானியம்மாவும் விடுதிப் பொண்ணும் ஒரே இங்கிலீஷ் பேசறாங்க. பாரசீகத்துல அப்படி இருந்திருக்காதுன்னு என் சந்தேகம். கம்ரான் தலட்டோஃபும் ஜோஸ்லின் ஷார்லெட்டும் பண்ணின பழைய மொழிபெயர்ப்பு ஒண்ணு 1998ல வந்தது இருக்கு, கிடைச்சா அதையும் ஒரு பார்வை பாருங்க.

இப்ப இந்த புக்குக்கு எதுக்கு ஜெயில்? எழுதினது 70கள்ல, அச்சாகி வந்தது 1989ல. அதே வருஷம்தான் 'டூபா அண்ட் தி மீனிங் ஆஃப் நைட்'ங்கிற அவங்களோட பெரிய நாவலும் வந்து டெஹ்ரான்ல நல்லா வித்துக்கிட்டு இருந்துச்சு. அந்த புகழ் இருக்கிறப்பவே இந்த ஒல்லி புக்கும் வெளில வர, கன்னித்தன்மையைப் பத்தி ரெண்டு பொம்பளைங்க பேசறதை அச்சுல போடறதான்னு அதிகாரிங்க கெளம்பிட்டாங்க. கைது பண்ணி உள்ள வச்சாங்க, விட்டாங்க, மறுபடி பிடிச்சாங்க. கடைசில தடை. முனிஸும் ஃபயிஸேயும் பேசற அந்த பேச்சை நீங்க படிச்சா சிரிப்பீங்க, அதுல ஆபாசமே கிடையாது, ரெண்டு பேரும் தப்பும் தவறுமா தங்களுக்கு தெரிஞ்சதை பேசிக்கிறாங்க. ஆபாசமா எழுதியிருந்தா கூட அவங்களுக்கு அவ்ளோ கோவம் வந்திருக்காதோ என்னவோ.

அதுக்கு முன்னாடி கதையும் இருக்கு. சமூகவியல் படிச்சவங்க, ஈரான் தேசிய டிவில புரொடியூசரா இருந்தாங்க. 1974ல கவிஞர் கோல்சோர்கியையும் அவரோட தோழர் தானேஷியனையும் ஷா அரசாங்கம் சுட்டுக் கொன்னப்ப, எதிர்ப்பா வேலையை தூக்கிப் போட்டாங்க. ஷாவோட ரகசிய போலீஸ் சாவாக் பிடிச்சு 54 நாள் உள்ள வச்சுது. வெளில வந்து 1976ல பாரிஸ் போய் சீன மொழியும் சீன நாகரிகமும் படிச்சாங்க. ஏன் சீனம்னா எனக்கு தெரிஞ்சு அது அவங்க குணம், ஊரே மார்க்ஸையும் இஸ்லாத்தையும் வச்சு அடிச்சுக்கிட்டு இருந்த காலத்துல இவங்க எங்கயோ தாவோயிசம்ங்கிற சீனத் தத்துவத்துல கிடந்திருக்காங்க. புரட்சி முடிஞ்சு 1980ல திரும்பி வராங்க. எல்லாரும் கெளம்பிக்கிட்டு இருக்கிறப்ப திரும்பி வர்ற ஆளு! 1981ல அம்மாவோட சேத்து பிடிச்சாங்க. ஒழுங்கான குற்றச்சாட்டே இல்லாம நாலரை வருஷத்துக்கு மேல ஜெயில்.

ரெண்டாவது புக் இதுதான், 'கிஸ்ஸிங் தி ஸ்வோர்ட்'. இதுக்கு நான் நாலு ஸ்டார் தர்றேன், நாவலுக்கு நாலரை. எவின் ஜெயில்ல ராத்திரி ராத்திரி துப்பாக்கி சத்தம் கேக்கும், உள்ள இருக்கிறவங்க அதை எண்ணிக்கிட்டே படுத்திருப்பாங்க, எண்ணிக்கை எவ்ளோவோ அத்தனை பேர் அன்னிக்கி போயாச்சுன்னு அர்த்தம். சாகறவங்கள்ல ஸ்கூல் வயசு பொண்ணுங்களும் உண்டு, நோட்டீஸ் குடுத்ததுக்காகவும் பத்திரிகை வித்ததுக்காகவும் பிடிபட்டவங்க. ராத்திரி இப்படி, பகல்ல அதே பார்சிபூர் ஜெயில் அதிகாரிங்க கூட உக்காந்து பொம்பளை தலையை மூடணும்னு குரான்ல எங்க இருக்குன்னு வாதம் பண்றாங்க. உயிர் போற இடத்துல எதுக்கும்மா இந்த வாய்னு எனக்கு பதறுது, அவங்க பாட்டுக்கு அடுத்த கேள்விக்கு போறாங்க. அந்த வாய்தான் நாவல்ல முனிஸுக்கு வந்திருக்குன்னு ரெண்டையும் படிச்சா தெரியும்.

கெஸல் ஹெஸார் ஜெயில்ல ஹாஜி தாவூத்னு ஒரு வார்டன். கைதிகளை கண்ணைக் கட்டி, ரெண்டு பக்கமும் பலகை வச்ச சவப்பெட்டி மாதிரி இடுக்குல, அசையாம பேசாம மாசக்கணக்குல உக்கார வச்சவன். பல பேர் மனசு உடைஞ்சு, கூட இருந்தவங்களையே காட்டிக் குடுக்கிற ஆளா மாறினாங்க. தவ்வாப்னு அவங்களுக்கு பேரு, மனம் திருந்தினவங்களாம். பார்சிபூர் இவங்களை திட்டறதும் இல்ல, மன்னிக்கிறதும் இல்ல, என்ன பண்ணினாங்கன்னு எழுதிட்டு போறாங்க. அவங்க எந்த கட்சியும் கிடையாது. அதனால இடதுசாரி கைதிங்களுக்கும் இவங்க மேல சந்தேகம், முஜாஹிதீன்ங்கிற எதிர்ப்பு இயக்கத்துப் பொண்ணுங்களுக்கும் சந்தேகம், காவலாளிங்களுக்கு கேக்கவே வேணாம். கொள்கைக்காக உள்ள போனவனுக்கு கொள்கை துணை இருக்கும், சும்மா பிடிச்சுட்டு போனவளுக்கு என்ன துணை? ஜெயில் புக் நிறைய படிச்சிருப்பீங்க, இந்த கோணம் அதிகம் கிடைக்காது. வீரமும் கிடையாது இதுல, பயந்த இடத்துல பயந்தேன்னு எழுதறாங்க, தனக்கு மனநோய் இருக்கிறதையும் மறைக்காம சொல்றாங்க.

ஒரு ஸ்டார் ஏன் கொறைச்சேன்னா, பேர் பேரா வந்துக்கிட்டே இருக்கு, யார் எந்த இயக்கம்னு விளங்கறதுக்குள்ள அந்த ஆளு போயிடறாங்க. 1979லேர்ந்து 81 வரைக்கும் ஈரான்ல என்ன நடந்துச்சுன்னு கொஞ்சமாவது தெரியாம இதை எடுத்தா தலை சுத்தும். ஜனாதிபதி பனிசதர் பதவி போனது, முஜாஹிதீன் மேல அடக்குமுறை ஆரம்பிச்சது, அவ்ளோ தெரிஞ்சா போதும். அவங்க 1986ல வெளில வந்துட்டாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு 1988ல ஈரான் ஜெயில்கள்ல ஆயிரக்கணக்கான அரசியல் கைதிகளை தூக்குல போட்டாங்க. இது தெரிஞ்சு படிக்கிறப்ப, புக்ல வர்ற ஒவ்வொரு பொண்ணு பேருக்கும் இவ தப்பிச்சிருப்பாளான்னு மனசு கேக்கும். புக் பதில் சொல்லாது.

நாடு விட்டு நாடு போன வாழ்க்கையைப் பத்தி எதிர்பாத்து வாங்கினா ரெண்டு புக்லயும் அதிகம் கிடைக்காது, அதையும் சொல்லிடணும். 1994ல அமெரிக்கா போனவங்க, கலிபோர்னியால குடியேறினாங்க, 2003ல பிரவுன் யுனிவர்சிட்டில ஆபத்துல இருக்கிற எழுத்தாளர்களுக்கான ஃபெல்லோஷிப் வந்துச்சு, 2010ல அங்கயே கௌரவ டாக்டர் பட்டம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா யோசிங்க, டெஹ்ரான் கடைகள்ல புக் நல்லா வித்துக்கிட்டு இருந்த எழுத்தாளர் அவங்க. இந்த ஜெயில் நினைவுகளே பாரசீகத்துல மொதல்ல அச்சானது ஸ்வீடன்ல, 1996ல. அதாவது டெஹ்ரான் ஜெயில்ல நடந்ததை, டெஹ்ரான் பாஷைல, கலிபோர்னியால இருக்கிற ஒருத்தர் எழுத, ஸ்டாக்ஹோம் பக்கம் அச்சு போட்டு, அங்கங்க சிதறிக் கிடக்கிற ஈரானியர்கள் படிக்கணும். ஊர்ல இருக்கிறவன் திருட்டு காப்பிலதான் படிக்கணும். அப்புறம் 2006லேர்ந்து ஆம்ஸ்டர்டாம்லேர்ந்து ஒலிபரப்பான ரேடியோ ஜமானேக்கு நிகழ்ச்சி பண்ணினாங்க, ஊருக்குள்ள போக முடியாதவங்களுக்கு குரலாவது போகட்டும்னு. விருதை எண்ணறவங்க யாரும் இந்த கணக்கை எடுக்கிறதில்ல.

நாவலை வச்சு ஷிரின் நெஷாட் எடுத்த படம் 2009ல வெனிஸ் திரைப்பட விழாவுல வெள்ளிச் சிங்கம் விருது வாங்குச்சு, நெஷாட்டும் வெளிநாட்டுல வாழற ஈரான்காரங்கதான், படப்பிடிப்பு மொராக்கோவுல. பாக்க ஓவியம் மாதிரி இருக்கும், சத்தியமா. ஆனா மஹ்தோக்தை தூக்கிட்டாங்க, மரமே இல்ல! முனிஸ் அரசியல் போராளி ஆயிட்டா. படம் ரொம்ப சீரியஸ், யாரும் சிரிக்கிறதில்ல, புக்ல இருந்த குறும்பு பூரா போச்சு. ஒரே ஆறுதல், விடுதி நடத்தற அம்மாவா பார்சிபூரே வந்து நடிச்சிருக்காங்க, கொஞ்ச நேரம்தான், அந்த ஆளைப் பாத்தாலே தெரியும் இவங்க யாருன்னு. படம் பாத்துட்டு புக் வேணாம்னு முடிவு பண்ணிடாதீங்க.

ஆர்டர் பண்றவங்களுக்கு: நாவல் மொதல்ல, ஜெயில் புக் அடுத்தது. மாத்திப் படிச்சா நாவல்ல ஒவ்வொரு வரிலயும் ஜெயிலைத் தேடுவீங்க, அந்த நாவல் எழுதினப்ப அந்த நாலரை வருஷம் இன்னும் வரவே இல்ல. ரெண்டும் பிடிச்சா 'டூபா'வுக்கு போங்க, அது குண்டு புக், கஜார் ராஜாக்கள் காலத்துலேர்ந்து புரட்சி வரைக்கும் ஒரே பொம்பளையோட வாழ்க்கை. ஆரம்பத்துல டூபாவோட அப்பா, பெரிய படிப்பாளி, பூமி உருண்டைன்னு ஒத்துக்க வேண்டி வந்ததும் மனுஷன் ஆடிப்போய், அடுத்து பொம்பளைங்களும் யோசிக்கிறாங்களேன்னு பயந்து உக்காந்திருப்பார், அந்த அத்தியாயத்துக்கே காசு குடுக்கலாம். நடுவுல சூஃபி விஷயம் நிறைய வந்து கொஞ்சம் இழுக்குது, நான் இன்னும் பாதிலதான் இருக்கேன், முடிச்சிட்டு அதுக்கு தனியா எழுதறேன். ஆங், கிஃப்டா குடுக்கலாமான்னு ஒருத்தர் கேட்டிருந்தார். நாவலை குடுக்கலாம், ஜெயில் புக்கை வேணாம்.